வெட்டி எடுத்த பெயர்

ஆம்பூர்
14.7.2024

பிரியமுள்ள பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மி, அப்பா, நான் மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

என் பெயரை இதில் எழுதப் பயமாக இருக்கிறது. எழுத்தைப் பார்த்தாலே உங்கள் தங்கை என்று தெரிந்துகொள்வீர்கள். எல்லோரும் தூங்கிய பிறகு கெமிஸ்ட்ரி ரெக்கார்டுக்குள் தாளை வைத்து எழுதுகிறேன். அம்மிக்கு உருது மட்டும்தான் வாசிக்க வரும். அப்பாவுக்குத் தமிழும் வரும். அதனால் அவர் இருமினால் கூட என் கை நின்றுவிடுகிறது. போனில் பேச முடியாது. வீட்டுப் போனை அப்பா தினமும் வாங்கிப் பார்க்கிறார். உங்கள் நம்பரை அவரே பிளாக் செய்து வைத்திருக்கிறார்.

நீங்கள் காட்பாடியில் படிப்பைப் பாதியில் விட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அப்பா சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது. இந்த வீட்டில் உங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. அம்மி 'அந்த ரூம்' என்பார்கள். 'அந்த ரூம் ஃபேனைத் துடை', 'அந்த ரூம் ஜன்னலைச் சாத்து', அவ்வளவுதான்.

போன வாரம் ஸ்கூலில் ஒரு பெண் ஒளித்துக் கொண்டுவந்த போனில் உங்களைப் பார்த்தேன். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் நிற்கிறீர்கள். கீழே 'டிஜே சால்ட்' என்று இருந்தது. "யாருடி இவன், ஸ்டைலா கீறான்" என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். என் அண்ணன் என்று வாய் வரவில்லை. அன்றிலிருந்து எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் முகவரி மொபைல் கடை ஆபித் பாஷாவிடம் கிடைத்தது. பதிலை வீட்டுக்குப் போட வேண்டாம். என் தோழி சௌந்தர்யாவின் பெயருக்கு, இதோடு தனித் தாளில் இருக்கும் முகவரிக்குப் போடுங்கள். அவளுடைய அம்மா பூவம்மாள் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைக்கிறார்கள், பகலில் வீட்டில் இருக்க மாட்டார்கள். "எங்க வூட்டுக்கு யாரு லெட்டர் போடப் போறாங்க, உங்க அண்ணனாவது போடட்டும்" என்றாள் சௌந்தர்யா.

துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை


பெங்களூரு
2.8.2024

என் செல்ல ஃபிர்தௌஸுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை முதலில் கரண்ட் பில் என்று நினைத்து ஓரமாகப் போட்டுவிட்டேன். பிறகு கையெழுத்தைப் பார்த்தேன். நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அம்மியின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

தெரியாது என்று சொன்னதற்கு வருத்தப்படாதே. இங்கேயும் என்னை யாருக்கும் தெரியாது. நான் வேலை செய்வது ஒரு பெரிய ஹோட்டல் மாதிரி இடம். பெரிய டிஜே ராத்திரி பதினொன்றுக்குத்தான் வருவார். ஒன்பதிலிருந்து அதுவரைக்கும் நான். வார்ம்-அப் என்பார்கள். வரிசை வரிசையாக வெறும் நாற்காலிகளைப் பார்த்து வாசிக்க வேண்டும். சத்தத்தை ஏற்றக் கூடாது, எல்லோருக்கும் பிடித்த பாட்டைப் போடக் கூடாது. அதெல்லாம் பெரியவருக்கு. கூட்டம் கைதூக்க ஆரம்பிக்கிற நேரத்தில் என் யுஎஸ்பியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும்.

பகலில் அறையில் உட்கார்ந்து சொந்தமாக ட்ராக் செய்கிறேன். இங்கே எல்லோரும் ஒரே கடையிலிருந்து வாங்கிய ஒரே சத்தத்தை வைத்திருக்கிறோம், அதுதான் பேஜார். பாட்டு வெளியிடும் லேபிள்காரர் ஒருவர் என் ட்ராக்கைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது யாருடையதுன்னு தெரியலையே" என்றார். அதிலிருந்து தூக்கம் இல்லை.

உனக்கு ஒரு வேலை. இதோடு ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். சிம் இல்லாத அந்தப் பழைய போனில் போட்டு நம் ஊர்ச் சத்தங்களைப் பிடித்து அனுப்பு. டேனரியில் தோல் ஊறும் பெரிய மரடிரம் சுற்றுமே, அது முக்கியம். ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கு, தகரத்தின் மேல் மழை, எதுவானாலும் சரி.

சால்ட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று இங்கே கேட்கிறார்கள். கடல் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறேன். பச்சைத் தோலுக்குப் போடுகிற உப்பு என்று உனக்குத் தெரியும். உன்னோடு வைத்துக்கொள்.

அம்மியைப் பார்த்துக்கொள்.

தபரேஸ்


ஆம்பூர்
22.9.2024

பிரியமுள்ள பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மிக்கு முட்டி வலி கம்மியாகியிருக்கிறது. அப்பாவும் சுகம். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

கார்டு இதோடு இருக்கிறது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன அன்று டேனரியில் டிரம் சத்தம் பிடித்தேன். ஒரு பலகை தளர்ந்திருக்கிறது போல, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு விழும். அங்கே வேலை செய்யும் ஹயாத் பாஷா மாமா பார்த்துவிட்டு, "இன்னாம்மா, டிரம்மை போட்டோ எடுக்கிறியா? அதுக்கு மேக்கப் போட்டு உடவா?" என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. மழையும் இருக்கிறது, சங்கும் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றும் அதில் இருக்கிறது. நம் பெரியப்பா மகள் சானியாவுக்கு நிக்காஹ் நடந்தது. மேந்தி ராத்திரி அன்று பெண்கள் மட்டும் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடினார்கள். அம்மி டோலக் வாசித்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் டோலக்கின் கட்டையைத் தட்டினேன். போன் என் மடியில், துப்பட்டாவுக்குள் இருந்தது. சௌந்தர்யாவும் வந்திருந்தாள். அறையின் அந்தக் கோடியில் சானியாவின் காலுக்கு மேந்தி போட்டுக்கொண்டு, டிசைனை எல்லாம் தன் போனில் படம் எடுத்தாள்.

'தர்வாஜே பே கோன் ஹை' பாட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கதவருகில் யார் என்று ஒருத்தர் கேட்க, வீட்டு ஆண்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கிண்டல் செய்வார்களே. அம்மியின் முறை வந்தது. அம்மி கேள்வியைப் பாடினார்கள். மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் அவர்களே 'மேரா தபரேஸ்', என் தபரேஸ் என்று முடித்தார்கள். சானியாவின் அம்மா கைதட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அம்மி நிறுத்தவில்லை. இன்னொரு தடவையும் பாடினார்கள்.

இரண்டு வருஷத்தில் நம் குடும்பத்தில் உங்கள் பெயரைக் கேட்டது அன்றைக்குத்தான். அதை உங்கள் ட்ராக்குக்காக அனுப்பவில்லை. உங்கள் காதுக்காக அனுப்புகிறேன். கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள். பெண்கள் மட்டும் இருந்த அறை அது.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை


பெங்களூரு
10.11.2024

என் செல்ல ஃபிர்தௌஸுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலைதான்.

உன் டிரம் உலகத்தையே சுற்றப் போகிறது. அந்தத் தளர்ந்த பலகையின் தட்டுதான் என் புது ட்ராக்கின் கிக், தாளத்தைத் தாங்குகிற அடி. முதல் தடவை போட்டபோது, மேஜை துடைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அன்றைக்கு லேபிள்காரர் பின்னால் நின்று கேட்டார். இந்த முறை யாருடையது என்று அவர் கேட்கவில்லை. வெளியிடுகிறோம் என்றார். பிப்ரவரியில் கோவாவில் பெரிய விழா. ராத்திரி பத்து மணி மேடை எனக்கு. இனி நாற்காலிகளுக்கு வாசிக்க வேண்டியதில்லை.

இந்த வேலையின் சூட்சுமத்தை உனக்குச் சொல்கிறேன். சத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கூட்டம் அடுத்தது என்ன என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். ஒரு நொடி ஒன்றுமே இருக்காது. அப்புறம் டிரம் விழும். டிராப் என்பார்கள். எங்கே வெட்டுவது என்று தெரிந்தவன்தான் டிஜே. மற்றதெல்லாம் யாருக்கும் வரும்.

நீ அனுப்பியது எல்லாவற்றையும் கேட்டேன். பல தடவை கேட்டேன்.

அம்மிக்குக் குளிர் ஆகாது. பார்த்துக்கொள்.

தபரேஸ்


ஆம்பூர்
15.12.2024

பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம்.

நேற்று ஷேர் ஆட்டோவில் வரும்போது டிரைவர் ஒரு பாட்டுப் போட்டார். முதலில் டேனரி டிரம். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாவிடம் இது எங்கள் அண்ணன் பாட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது ஒரு பெண் குரல். சின்னப் பெண்ணின் குரல் மாதிரி மெலிதாக்கியிருந்தது. 'தர்வாஜே பே கோன் ஹை?' என்றது. திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு நின்றது.

நான் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். டிரம் விழுந்தது.

அது அம்மிதானே? உங்கள் காதுக்கு என்றுதானே எழுதியிருந்தேன்?

சீக்கிரம் பதில் எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் தங்கை


ஆம்பூர்
4.1.2025

பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையே? பதில் வரவில்லை.

பஸ் ஸ்டாண்ட், ஜூஸ் கடை, எங்கே போனாலும் அந்தப் பாட்டு ஓடுகிறது. சானியா ரீல்ஸில் உங்கள் முகத்தோடு பார்த்துவிட்டு அவள் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். மேந்தியில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தருக்கொருத்தர் போன் செய்து, அந்தக் கைதட்டல் என்னுடையது, சிரிப்பு உன்னுடையது என்று தேடுகிறார்கள். அம்மியின் முன்னால் மட்டும் யாரும் பேசுவதில்லை. அம்மி வந்தால் எழுந்து போய்விடுகிறார்கள்.

நேற்று அப்பா வேலையிலிருந்து வந்து சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். அம்மியிடம் அவர் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"டீ டைம்ல யார்டுல போட்டானுங்க. அத்தனை ஆம்பளைங்க ஆடுறானுங்க. அந்த வசந்த் வேற என் கையைப் புடிச்சு இழுக்கிறான், சூப்பர்வைசர் பாய், நீங்களும் ஒரு ஸ்டெப் போடுங்கன்னு. நிறுத்துடான்னு சொல்ல வாய் வரல. ஏன் பாய்னு கேட்டா இன்னா சொல்றது? இது யாரு குரல்னு சொல்றதா? நின்னுட்டு வந்தேன்."

அம்மி டீயை மறுபடியும் சூடு பண்ணிக் கொடுத்தார்கள்.

உள்ளே வந்து யார் பதிவு செய்தது என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். தயவுசெய்து பாட்டை எடுத்துவிடுங்கள்.

உங்கள் தங்கை


ஆம்பூர்
26.1.2025

பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் நலமா என்று கேட்க வேண்டும். கேட்கிறேன்.

உங்கள் பதில் வந்தது. அதை நான் படிக்கவில்லை. இனி யாரும் படிக்க முடியாது. நடந்ததை எழுதுகிறேன்.

அன்றைக்கு அறையில் வெளிப்பெண் சௌந்தர்யா ஒருத்திதான், அவள் கையில்தான் போன் இருந்தது என்று சானியாவின் அம்மா முடிவு கட்டிவிட்டார்கள். போன வாரம் சனிக்கிழமை என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயில்வே கேட் பக்கத்தில் அவள் வீட்டுக்குப் போனார்கள். அன்று கம்பெனி லீவு, பூவம்மாள் அம்மா வாசலில் நிற்க, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் முன்னாலேயே சௌந்தர்யாவின் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. நல்லவேளை, கிளம்பிவிடலாம் என்று நான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து போஸ்ட்மேன் இருதயராஜ் சைக்கிளை நிறுத்தினார்.

"சௌந்தர்யா, உனக்கு இன்னொரு பெங்களூர் லெட்டர்மா. அப்பப்ப வருதே, யாரும்மா அங்க?"

சானியாவின் அம்மா கவரைத் திருப்பச் சொன்னார்கள். பின்பக்கம் உங்கள் பெயர் இருந்தது. இருதயராஜே சத்தமாகப் படித்தார். பிறகு சானியாவின் அம்மா, "அப்படியா சமாச்சாரம்" என்றார்கள். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

கவரைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தால் முதல் வரியிலேயே என் பெயர் இருக்கும். சௌந்தர்யா என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஒரே ஒரு தடவை. பிறகு அந்தக் கவரைக் குறுக்கும் நெடுக்கும் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டாள். பூவம்மாள் அம்மா அவள் கன்னத்தில் அறைந்தார்கள். நான் சானியாவின் அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது தெரு முழுக்க வேறு கதை. உங்களுக்கும் அவளுக்கும் பழக்கமாம், அதனால்தான் பாட்டை அனுப்பினாளாம். ஸ்கூலில் அவளை 'மிஸஸ் சால்ட்' என்கிறார்கள். அவள் என்னிடம், "நீ வாயைத் தொறக்காத. உங்க அப்பா உன்னை ஸ்கூலுக்கே அனுப்ப மாட்டாரு" என்றாள். பரீட்சை முடிந்ததும் அவளை விரிஞ்சிபுரத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறார்கள். படிப்பு அதோடு சரி. நிறுத்தப்போவது என் படிப்பாக இருக்க வேண்டியது.

நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு இனி எழுதாதீர்கள். வேறு முகவரி என்னிடம் இல்லை.

உங்கள் தங்கை


ஆம்பூர்
9.2.2025

தபரேஸுக்கு, உன் அம்மி எழுதச் சொல்வது.

(பாய்ஜான், அம்மி உருதுவில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதுகிறேன். எதையும் விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.)

துஆ. நீ சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். என் முட்டியைப் பற்றிக் கேட்கிறாயாம், நன்றாக இருக்கிறது.

உன் பாட்டை சானியா ஒருத்திதான் எனக்குக் காட்டினாள். ஒரு தடவை கேட்டதுமே யார் பிடித்து அனுப்பியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் என் குரலைவிடக் கரண்டிச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. கரண்டி பிடித்தவள் மடியில் இருந்த போனில்தான் அப்படி விழும். அந்தப் பெண் சௌந்தர்யா அறையின் அந்தக் கோடியில் இருந்தாள். கரண்டி பிடித்தவள் தானாக வந்து சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் உன் அப்பாவுக்குத் தெரியும், இவளையும் இழக்க வேண்டிவரும் என்று பயந்தேன். எங்கள் இருவருக்கும் பதிலாக ஊரான் வீட்டுப் பெண் அடி வாங்கினாள். நேற்று இவளுடைய கையைப் பிடித்து உட்கார வைத்து, கரண்டி யார் கையில் இருந்தது என்று கேட்டேன். இவ்வளவு நாள் கழித்துக் கேட்டேன். அந்த வெட்கம் என்னுடையது.

(என் கையில்தான் என்று அம்மியிடம் சொன்னேன், பாய்ஜான்.)

இனி உன்னுடையதைச் சொல்கிறேன். நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்காகப் பாடினேன். கதவைச் சாத்தியது அதனால்தான். என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது உனக்குத் தெரியும், அதனால் நீ கேட்கவில்லை. ஆண்கள் கேட்டுவிட்டார்கள், ஆடிவிட்டார்கள். அதைக்கூட நான் அல்லாஹ்விடம் விட்டுவிடுவேன்.

என் குரலை எடுத்துக்கொண்டாய். என் கேள்வியையும் எடுத்துக்கொண்டாய். உன் பெயரை மட்டும் ஏன் வெட்டினாய்? இந்த வீட்டில் உன் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அந்த ஒரு ராத்திரி, ஒரு பாட்டுக்குள் ஒளித்து வைத்துச் சொன்னேன். உன் அப்பா கோபத்தில் செய்ததை நீ உன் கையாலேயே செய்துவிட்டாய்.

என் குரலை எடுத்துவிடு. இனி எழுதுவதாக இருந்தால் உன் பெயரைக் கவரின் மேல் போட்டு இந்த வீட்டுக்கே எழுது. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நீ எழுத வேண்டாம். அங்கே போக வேண்டியவள் இங்கேதான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக மாட்டேன்.

அல்லாஹ் உன்னைக் காப்பான்.

உன் அம்மி, பில்கிஸ்


பெங்களூரு
3.3.2025

அன்புள்ள அம்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு உங்களுக்கும் அப்பாவுக்கும் சுலபமாகப் போகிறதா? முட்டி வலியோடு நீண்ட நேரம் நிற்காதீர்கள். நான் நலம்.

ஃபிர்தௌஸ் இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். எதையும் விடாதே, ஃபிர்தௌஸ்.

சாக்கடையில் போன என் கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. குரலை மாற்றிவிட்டேன், யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தேன். எத்தனை லட்சம் பேர் கேட்டார்கள் என்று எழுதியிருந்தேன். இவளுக்குப் புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்றும் எழுதியிருந்தேன். அது கிழிந்ததே நல்லது.

பெயரை ஏன் வெட்டினேன் என்று கேட்டீர்கள். அந்தப் பெயர் வந்தால் யார், எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். நான் பெங்களூரிலேயே பிறந்தவன், அப்பா ஏற்றுமதி வியாபாரி என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறேன். அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வெட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். அந்த வெற்றிடத்தில் டிரம் விழுந்தபோது அவ்வளவு நன்றாக இருந்தது. இவ்வளவு நாள் நான் செய்ததிலேயே நல்ல வெட்டு அதுதான். அதைச் சொல்லத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

உங்கள் கடிதம் கோவாவுக்குக் கிளம்புகிற அன்று கிடைத்தது. உங்கள் குரலை எடுத்துவிட்டுத்தான் மேடையில் வாசித்தேன். ஆனால் அந்த இடம் வந்தபோது கூட்டம் நிற்கவில்லை. அவர்களுக்குப் பாட்டு மனப்பாடம். ஆயிரக்கணக்கான பேர் என்னைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டு, 'தர்வாஜே பே கோன் ஹை?' என்று கத்தினார்கள். மைக் கையிலேயே இருந்தது. பதில் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, அம்மி. டிரம்மைத்தான் போட்டேன்.

திரும்பி வந்ததும் லேபிளில் சொல்லிப் பாட்டை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். அடுத்து இருந்த மேடைகளையும் எடுத்துவிட்டார்கள். மறுபடியும் ஒன்பது மணிக்கு நாற்காலிகளுக்கு வாசிக்கிறேன். ஆட்டோவிலும் ரீல்ஸிலும் ஓடுவதை என்னால் எடுக்க முடியவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

ஈதுக்கு வரட்டுமா? அப்பாவிடம் நீங்கள் கேட்க வேண்டாம். கவரின் மேல் இருக்கும் பெயரை அவர் பார்த்தால் போதும்.

உங்கள் மகன்
வ. தபரேஸ் அகமது


ஆம்பூர்
12.3.2025

பிரியமுள்ள பாய்ஜானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லோரும் நோன்போடு சுகமாக இருக்கிறோம். விடியற்காலை ஸஹர் சாப்பாட்டுக்கு உங்களை யார் எழுப்பிவிடுகிறார்கள்?

உங்கள் கடிதத்தை இருதயராஜிடமிருந்து அப்பாதான் வாங்கினார். பின்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றார். பிரிக்கவில்லை. உள்ளே வந்து அம்மியின் தஸ்பீஹ் மணிமாலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "உன் பேருக்கு வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். ஈதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆனால் அன்று ராத்திரி போனை வாங்கிப் பார்க்காமல் படுத்துவிட்டார்.

அம்மிக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன், மைக் இருந்ததையும் சேர்த்து. அம்மி அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள்.

அப்புறம் நான் படுத்துக்கொண்டு யோசித்தேன். நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள். எனக்கு முன்னால் குழாயடியில் நாலு பேர்தான்.

நேற்று இப்தாருக்கு முன்னால் அம்மி நோன்புக் கஞ்சியைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி என்னிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் சௌந்தர்யா வீட்டுக்கு நான்தான் கொண்டுபோவேன். யாருக்கு என்று அம்மி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் நின்று, "அப்பா, சௌந்தர்யா வீட்டுக்கு வந்த லெட்டர் எல்லாம் எனக்கு வந்தது. பாட்டை அனுப்பினதும் நான்தான். அங்க போய் சொல்லப்போறேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தலை நிமிரவில்லை. துடைப்பதையும் நிறுத்தவில்லை. ஸ்கூலை நிறுத்துவாரா என்று இன்னும் தெரியாது.

அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. குழாயடியில் அதே பெண்கள் இருந்தார்கள். கதவைத் தட்டினேன்.

உள்ளேயிருந்து பூவம்மாள் அம்மா, "யாரு?" என்றார்கள்.

எத்தனையோ தடவை தட்டியிருக்கிறேன். "நான்தான் ஆன்ட்டி" என்பேன், திறப்பார்கள். நேற்று எனக்கு வாய் வரவில்லை. தூக்கின் சூடு விரலைச் சுட்டது. "யாரு கதவாண்ட?" என்று மறுபடியும் கேட்டார்கள்.

"ஃபிர்தௌஸ். வக்கார் அகமது பொண்ணு."

கதவு திறந்தது. பூவம்மாள் அம்மா தூக்கையும் பார்க்கவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பின்னால், உள்ளே, சௌந்தர்யா துணிகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, கரண்டி, முகவரி, கிழிந்த கவரில் இருந்த பெயர், எல்லாம். ரகசியம் மாதிரி தாழ்ந்த குரலில்தான் வந்தது.

அவர்கள் கேட்டு முடித்துவிட்டு, "எனக்கு எதுக்குச் சொல்ற? என் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றார்கள். பிறகு என் தோளைப் பிடித்துக் குழாயடிப் பக்கம் திருப்பினார்கள். "அங்க சொல்லு. அன்னிக்குக் கேட்ட மாதிரி இன்னிக்கும் கேக்கட்டும்."

நான் அங்கே பார்த்துச் சொன்னேன். முதலில் பெயரைச் சொன்னேன்.

இப்படிக்கு
ஃபிர்தௌஸ்
த/பெ வக்கார் அகமது, ஆம்பூர்